குழாய் வாஷரில் சுற்றிய சிற்றலை

தண்ணீர்க் குழாய் சொட்டினால் ஹார்டுவேர் கடையில் வாங்கி மாட்டுகிறோமே, அந்த வட்ட வாஷரை வானொலியோடு சேர்த்து யாரும் நினைப்பதில்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் நினைத்தார். 2003 வாக்கில் அவர் வெளியிட்ட ‘பிட்எக்ஸ்’ என்ற சர்க்யூட் வரைபடம், 14 மெகாஹெர்ட்ஸில் பேசவும் கேட்கவும் உதவும் பெட்டியை வீட்டு மேசையிலேயே செய்துகொள்ளும் வழியைச் சொன்னது. உள்ளே ஓர் ஆசிலேட்டர் 4 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும். பில்டருக்கு 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்கள். இரண்டும் கூடினால் 14. கேட்கும்போது ஒரு திசையில் வேலை செய்யும் அதே சர்க்யூட், பேசும்போது எதிர்த்திசையில் வேலை செய்யும். பெயர் வந்ததே அதனால்தான். காயில் சுற்ற வெளிநாட்டு வளையத்துக்கு எங்கே போவது என்று கையைப் பிசைந்தவர்களுக்கு அவர் காட்டிய வழி குழாய் வாஷர். எனாமல் கம்பியை அதில் சுற்றினால் போதும்.

இந்தச் சமாளிப்பு ஃபர்ஹானோடு தொடங்கியதல்ல. இந்தப் பக்கத்து ‘ஹாம்’கள், அதாவது வானொலியில் பேசுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள், நூறாண்டாக இப்படித்தான் காலம் தள்ளியிருக்கிறார்கள். கடையில் சாமான் கிடைக்காது, கிடைத்தாலும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். இந்த இரண்டு இடுக்குகளுக்கு நடுவே வளர்ந்த பொழுதுபோக்கு இது.

கல்கத்தாவில் 1921-இல் அமரேந்திர சந்திர குப்து ‘2ஜேகே’ என்ற அழைப்புக் குறியுடனும், முகுல் போஸ் ‘2ஹெச்க்யூ’ என்ற குறியுடனும் இயங்கியதிலிருந்து இந்திய ஹாம்களின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். நாட்டைக் காட்டும் ‘வியு’ எழுத்துகள் குறியின் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது 1929-இல். கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பில் நடந்தது இன்னும் சுவையான கதை. தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பரும் அவருடைய சகாக்களும் 1923-இல் சோதனை ஒலிபரப்பு செய்தபோது, அதற்கான டிரான்ஸ்மிட்டரை, முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிச் சாதனங்களைக் கொண்டே உருவாக்கினார்கள். எதிரியின் கப்பலில் இருந்த கருவி கொழும்பில் பாட்டுப் போட்டது.

சென்னைக்கு வானொலியைக் கொண்டுவந்ததும் ஓர் ஆர்வலர் கூட்டம்தான். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் 1924 மே 16 அன்று சென்னை மாகாண ரேடியோ கிளப் உருவானது. ஜூலை 31-இல் எழும்பூரிலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டார்கள். டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட், அந்தக்கால வீட்டுக் குண்டு பல்பு ஒன்றின் அளவு. பிற்பாடு அது 200 வாட் ஆனது. மாலை நேரத்தில் இசையும் பேச்சும் காற்றில் போயின, சந்தாப் பணம்தான் போதுமான அளவு வரவில்லை. 1927-இல் கிளப் கதவைச் சாத்தியது. பம்பாயில் இந்திய ஒலிபரப்பு நிறுவனத்தின் நிலையம் கோலாகலமாகத் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான் என்பது காலத்தின் குசும்பு. கிளப்பின் டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சியின் கைக்குப் போய், 1930 ஏப்ரல் 1 முதல் மறுபடி பேசத் தொடங்கியது. அகில இந்திய வானொலி தன் சென்னை நிலையத்தை 1938 ஜூன் 16 அன்று திறக்கும்வரை நகரத்துக்கு அதுதான் குரல்.

அடுத்த ஆண்டே போர் வந்தது. ஹாம்களின் உரிமங்கள் ரத்தாயின, கருவிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு. எல்லாரும் ஒப்படைத்துவிடவில்லை. 1942 ஆகஸ்டில் உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் ரகசியமாக நடத்திய காங்கிரஸ் ரேடியோவுக்கு டிரான்ஸ்மிட்டர் அமைத்தவர் நரிமன் பிரிண்டர் என்ற ஹாம். போலீஸ் மோப்பம் பிடித்துவிடாதபடி இடத்தை மாற்றி மாற்றி ஒலிபரப்பியவர்கள் நவம்பரில் பிடிபட்டார்கள்.

போர் முடிந்ததும் காற்று திசை மாறியது. பறித்த அரசாங்கமே, தனக்குத் தேவைப்படாத போர்க்காலக் கருவிகளைக் கழித்துக் கட்டத் தொடங்கியது. விமானத்துக்கென்று செய்த ரிசீவர்கள் பழைய சாமானாக வந்து இறங்கின. வாங்கியவருக்கு முதல் வேலை மின்சாரம் கொடுப்பது. 28 வோல்ட் பேட்டரியில் சுழலும் டைனமோட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, வீட்டு மின்சாரத்தில் ஓடும் டிரான்ஸ்ஃபார்மரைப் பொருத்த வேண்டும். அனுப்பும் கருவிக்கு 807 என்ற வால்வு. உச்சந்தலையில் குமிழ் வைத்தாற்போன்ற கண்ணாடிக் குடுவை அது, நூற்றுக்கணக்கான வோல்ட் பாய்வது அந்தக் குமிழில்தான். அலட்சியமாகக் கை வைத்தவர் இரண்டாம் முறை வைக்க மாட்டார். 1948-இல் மௌ நகரின் ராணுவ சிக்னல் பள்ளியில் பிறந்த இந்திய ஹாம்களின் சங்கம், 1954-இல் டெல்லிக்குக் குடிபெயர்ந்து இன்றைய பெயரைப் பெற்றது.

பெட்டி எங்கிருந்து வந்தாலும் ஏரியல் மட்டும் அன்றும் இன்றும் கைவேலைதான். 7 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 40 மீட்டர், அதில் பாதி 20. பத்துப் பத்து மீட்டராக இரண்டு செம்புக் கம்பிகள், நடுவில் கேபிள், முனைகளில் துளைபோட்ட பிவிசி குழாய்த் துண்டு, கட்டி இழுக்க நைலான் கயிறு. ஒரு முனை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில், மறுமுனை தென்னை மரத்தில். கம்பியைக் கொஞ்சம் நீளமாகவே விட்டு, மீட்டரைப் பார்த்துப் பார்த்து விரற்கடையாக நறுக்க வேண்டும். அவசரப்பட்டு அதிகம் நறுக்கியவர் மறுபடி சால்டரிங் அயர்னைச் சூடேற்ற வேண்டியதுதான். பகலில் இந்தக் கம்பி சில நூறு கிலோமீட்டருக்குப் பேசும். அந்தி சாய்ந்ததும் அயனி மண்டலத்தின் அடியடுக்கு கரைய, அதே கம்பிக்குக் கண்டம் தாண்டிய குரல்கள் வந்து விழும்.

அனுமதியின் கதைக்கு அந்தமான்தான் நல்ல சாட்சி. 1987-க்குப் பிறகு அந்தத் தீவுகளிலிருந்து ஹாம் யாரும் பேசவில்லை. உலகெங்கும் உள்ள ஹாம்கள் தங்கள் பட்டியலில் அந்தமானைச் சேர்க்க ஏங்கிக் கிடந்தார்கள். நெடுங்காலம் விடாமல் கேட்டு அனுமதி வாங்கிய பாரதி பிரசாத், 2004 டிசம்பரில் குழுவோடு போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்தார். ஓட்டலில் நிலையம் அமைத்து, ஆயிரக்கணக்கான அழைப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது குழு. 26-ஆம் தேதி காலை தரை ஆடியது, பின்னாலேயே கடல் ஏறியது. தொலைபேசிகள் செத்தன. அதுவரை சிக்னலின் தரத்தை எண்களால் சொல்லிவிட்டு அடுத்த அழைப்புக்குத் தாவிக்கொண்டிருந்த அதே அலைவரிசையில், உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தாய்நிலத்துக்குப் போகத் தொடங்கின.