பாலைவனத்தில் ஒரு மாலை: வணிகப் பாதை சுற்றுலாத் தலமான கதை

கி.பி. 1156. சோழ அரியணையில் இரண்டாம் இராசராசன் அமர்ந்திருந்தான். முதலாம் இராசேந்திரன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம் தலைநகரமாகி நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அதே ஆண்டில், அங்கிருந்து வெகுதூரம் வடமேற்கே, தார் பாலைவனத்தின் நடுவே ஒரு குன்றின் மீது ராவல் ஜெய்சல் என்ற பாட்டி ராஜபுத்திர அரசன் ஒரு கோட்டைக்கு அடித்தளமிட்டான். அவன் பெயரால் அந்த ஊர் ஜெய்சல்மேர் ஆனது.

ஒன்று நீர்வளம் மிக்க கொள்ளிடக்கரை நாட்டுத் தலைநகரம். மற்றொன்று ஆண்டுக்கு 20 செ.மீ. மழை பெய்தாலே பெரிது என்ற நிலையில் உள்ள மணல் நாட்டுத் தலைநகரம். இரண்டும் செல்வத்தில் கொழித்தன. இரண்டும் பின்னர் அந்தச் செல்வத்தை இழந்தன. இன்று கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மக்கள் வருவது கோயிலைக் காண. ஜெய்சல்மேருக்கு வருவோரில் பலர் கோட்டையோடு சேர்த்து ஒரு மாலைப் பொழுதையும் தேடி வருகிறார்கள். நகரத்திலிருந்து மேற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ள சம் மணல்மேடுகளில் ஒட்டகச் சவாரி, சூரிய அஸ்தமனம், கூடாரத்தின் முன் பாட்டும் ஆட்டமும், பிறகு இரவு உணவு. அக்டோபர் முதல் மார்ச் வரை இதுதான் அங்கே முக்கியத் தொழில்.

ஒரு சாதாரணச் சுற்றுலா நிகழ்ச்சி போலத்தான் தெரியும். ஆனால் அந்த மாலையில் இடம்பெறும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய முழுநேர வாழ்க்கையாக இருந்தன.

தமிழர் அறிந்த ஒட்டகம்

ஒட்டகம் தமிழுக்குப் புதிய விலங்கு அல்ல. தொல்காப்பியத்தின் மரபியல், எந்தெந்த விலங்கின் இளமைக்குக் 'கன்று' என்ற பெயர் பொருந்தும் என்று சொல்லும்போது ஒட்டகத்தையும் சேர்த்துக்கொள்கிறது. அகநானூற்றில் பசித்த ஒட்டகம் காய்ந்த எலும்பைத் தின்னும் காட்சி வருகிறது. சிறுபாணாற்றுப்படையில் கடல் அலை கொண்டுவந்து ஒதுக்கிய அகில் கட்டைகள், படுத்து உறங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடப்பதாகப் புலவர் நத்தத்தனார் பாடுகிறார். ஒட்டகம் எப்படிப் படுத்திருக்கும் என்று கேட்போருக்குத் தெரியாவிட்டால் இந்த உவமை பொருளற்றுப் போயிருக்கும்.

ஆனாலும் தமிழகத்தில் சுமை இழுத்தது மாடுதான். உமணர்கள் உப்பு மூட்டைகளை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டுதான் பாலை வழிகளைக் கடந்தார்கள். கூட்டமாகச் செல்லும் வணிகர்களுக்குச் 'சாத்து' என்று பெயர். கோவலனின் தந்தை மாசாத்துவானின் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது. தமிழகத்தின் சாத்துக்கு மாடு எப்படியோ, தார் பாலைவனத்தின் சாத்துக்கு ஒட்டகம் அப்படி.

சாத்து தங்கிய மாலை

சிந்து, ஆப்கானிஸ்தான் பகுதிகளை டெல்லி, குஜராத்துடன் இணைத்த தரைவழிப் பாதைகளில் ஜெய்சல்மேர் ஒரு முக்கியமான தங்குமிடம். பட்டு, அபினி, அவுரி, உலர்ந்த பழங்கள் ஆகியவை ஒட்டக முதுகில் வந்தன. கடந்து செல்லும் சரக்குக்கு அரசர்கள் சுங்கம் வாங்கினார்கள். பதிலுக்கு நிழலும் தண்ணீரும் பாதுகாப்பும் கிடைத்தன. 14-ஆம் நூற்றாண்டில் கட்சி சிங் என்ற மன்னரின் பெயரால் அமைந்த கட்சிசர் ஏரிதான் பல நூற்றாண்டுகள் அந்த நகரத்தின் தாகத்தைத் தீர்த்தது.

ஒட்டகம் இல்லாமல் இந்த வணிகம் இல்லை. பலரும் நினைப்பது போல ஒட்டகத்தின் திமிலில் இருப்பது தண்ணீர் அல்ல, கொழுப்பு. உடலின் நீரில் பெரும்பகுதியை இழந்தாலும் அது தாங்கும். தண்ணீர் கண்டவுடன் சில நிமிடங்களில் 100 லிட்டர் அளவுக்குக் குடித்துவிடும். பகலில் உடல் வெப்பத்தை உயரவிட்டு இரவில் குறைத்துக்கொள்வதால் வியர்வையிலும் நீர் அதிகம் வீணாவதில்லை. ராஜஸ்தானத்து ஒட்டகங்களில் பிகானேரி வகை சுமைக்கும், மெலிந்த உடல் கொண்ட ஜெய்சல்மேரி வகை வேகமான சவாரிக்கும் பெயர் பெற்றவை.

பொழுது சாயும் நேரத்தில் சாத்து ஓரிடத்தில் நிற்கும். ஒட்டகங்களை மண்டியிட வைத்து மூட்டைகளை இறக்குவார்கள். தீ மூட்டி ரொட்டி சுடுவார்கள். ஊர்ப் பாடகர் யாராவது வந்தால் பாட்டு இருக்கும். ஒட்டகம், நெருப்பு, உணவு, பாட்டு என்று இன்றைய சுற்றுலா மாலையில் இருப்பவை எல்லாம் அந்தப் பழைய தங்கலில் இருந்தவைதான். அன்று மறுநாள் காலையில் பயணம் தொடர்ந்தது, இன்று தொடர்வதில்லை.

1805-இல் குமான் சந்த் பட்வா என்ற வணிகர் கட்டத் தொடங்கிய ஐந்து மாளிகைகள் இந்தச் செல்வத்தின் சாட்சியாக இன்றும் நிற்கின்றன. ஆனால் அந்த மாளிகைகள் எழும்போதே காற்று திசைமாறத் தொடங்கிவிட்டது. பம்பாய்த் துறைமுகம் வளர்ந்தது. சரக்குகள் கடல்வழிக்கு மாறின. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோத்பூரிலிருந்து பார்மேர் வழியாகச் சிந்து மாகாணத்துக்கு ரயில் பாதை இணைந்தது. அது ஜெய்சல்மேரைத் தொடவில்லை. 1947-இல் பிரிவினை வந்தது. மேற்கே செல்லும் பாதை இன்னொரு நாட்டுக்குள் போய்விட்டது. வழியில் இருந்த ஊர், வழி முடியும் ஊராக மாறியது.

போருக்குப் போன ஒட்டகம்

வணிகம் குறைந்த காலத்தில் ஒட்டகத்துக்கு வேறொரு வேலை வந்தது. பிகானேர் அரசின் ஒட்டகப் படைக்கு மகாராஜா கங்கா சிங்கின் பெயரால் 'கங்கா ரிசாலா' என்று பெயர். 1889-இல் உருவாக்கப்பட்ட இந்தப் படை 1900-இல் சீனாவுக்கும், பிறகு சோமாலிலாந்துக்கும், முதல் உலகப் போரில் எகிப்துக்கும் சென்றது.

இதே கங்கா சிங் 1927-இல் சட்லஜ் நதியின் நீரைக் கால்வாய் வெட்டித் தன் வறண்ட நாட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்குக் கங்கைக் கால்வாய் என்று பெயர். கங்கை நீரைக் கொண்டுவந்து சோழகங்கம் என்ற ஏரியை இராசேந்திரன் உருவாக்கியதை அறிந்தவர்களுக்கு இந்தப் பெயர் ஒற்றுமை சுவையாக இருக்கும். காரணங்கள் வேறு, காலம் வேறு. ஆனால் தண்ணீரைத் தன் பெயரோடும் புகழோடும் சேர்த்து வைக்கும் ஆசை அரசர்களுக்குப் பொது போலும்!

விடுதலைக்குப் பின் எல்லைக் காவலில் ஒட்டகம் தொடர்ந்தது. 1971 டிசம்பரில் ஜெய்சல்மேர் மாவட்டத்தின் லோங்கேவாலாவில் மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் தலைமையில் சுமார் 120 பேர் பாகிஸ்தான் டாங்கிப் படையை ஓர் இரவு முழுவதும் தடுத்து நிறுத்தினர். அவர்களோடு எல்லைப் பாதுகாப்புப் படையின் ஒட்டக வீரர்கள் சிலரும் இருந்தனர். அந்தப் படையின் ஒட்டகப் பிரிவு டெல்லி குடியரசு தின அணிவகுப்பில் பங்கேற்பதைத் தொலைக்காட்சியில் பலரும் பார்த்திருப்பார்கள்.

ஒரு திரைப்படம் திறந்த கதவு

போருக்காகப் போடப்பட்ட சாலைகள் பிறகு சுற்றுலாப் பயணிகளுக்குப் பயன்பட்டன. 1960களின் பிற்பகுதியில் ரயிலும் ஜெய்சல்மேருக்கு வந்தது. 1974-இல் சத்யஜித் ராயின் 'சோனார் கெல்லா' என்ற வங்காளத் திரைப்படம் வெளியானது. 'பொற்கோட்டை' என்று பொருள். பூர்வஜென்ம நினைவுள்ள ஒரு சிறுவன், அவனைக் கடத்தும் திருடர்கள், அவர்களைத் தேடும் ஃபெலூடா என்ற துப்பறிவாளர் என்று போகும் கதை ஜெய்சல்மேர் கோட்டையில் முடிகிறது. ரயிலைப் பிடிக்க ஃபெலூடாவும் கூட்டாளிகளும் ஒட்டகத்தில் ஏறும் காட்சி மிகப் பிரபலம். படத்தைப் பார்த்த வங்காளிகள் குடும்பம் குடும்பமாகக் கோட்டையைக் காணக் கிளம்பினார்கள். வெளிநாட்டவரும் வந்தார்கள். சரக்கு ஏற்றிய ஒட்டகம் மனிதர்களை ஏற்றத் தொடங்கியது. 2013-இல் ராஜஸ்தானின் மலைக்கோட்டைகளில் ஒன்றாக ஜெய்சல்மேர் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

பாட்டு யாருடையது?

சம் மணல்மேடுகளில் பாடுவோரில் பலர் மாங்கணியார் சமூகத்தவர். இவர்கள் பரம்பரை இசைக்கலைஞர்கள். மதத்தால் முஸ்லிம்கள். ஆனால் இவர்களை ஆதரித்த குடும்பங்களில் பெரும்பாலானவை இந்து ராஜபுத்திரக் குடும்பங்கள். அந்த வீடுகளில் குழந்தை பிறந்தாலும், திருமணம் நடந்தாலும் இவர்கள் வந்து பாட வேண்டும். அந்தக் குடும்பத்தின் வம்சாவளியை நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும். பதிலுக்குத் தானியமும் கால்நடையும் பணமும் கிடைக்கும்.

நம் பாணர்களை இது நினைவூட்டுகிறது. மேலே சொன்ன சிறுபாணாற்றுப்படையே ஒரு பாணன், நல்லியக்கோடனிடம் போனால் என்ன உணவு கிடைக்கும், என்ன பரிசு கிடைக்கும் என்று இன்னொரு பாணனுக்கு வழிகாட்டும் பாட்டுதான். தமிழகத்தில் பாணர் மரபு மறைந்துவிட்டது. பாலைவனத்தில் அரசாட்சியும் ஜமீன் முறையும் போன பிறகும் மாங்கணியார் மரபு தப்பிப் பிழைத்தது. 1960-இல் விஜய்தான் தேத்தாவுடன் சேர்ந்து ரூபாயன் சன்ஸ்தான் என்ற அமைப்பைத் தொடங்கிய கோமல் கோத்தாரி போன்றவர்கள் இந்தக் கலைஞர்களை வெளியுலக மேடைகளுக்கு அழைத்துச் சென்றது அதற்கு ஒரு காரணம். சுற்றுலா இன்னொரு காரணம். ஆனால் ஒரு குடும்பத்தின் ஏழு தலைமுறையைப் பாடத் தெரிந்தவர், கூடாரத்தின் முன் இந்தி சினிமாப் பாட்டையும் பாடவேண்டியிருக்கிறது. புரவலர் மாறினால் பாட்டும் மாறும்!

தட்டில் இருக்கும் பஞ்சம்

இரவு உணவில் பருப்பும் பாட்டியும் (நெருப்பில் சுட்ட கோதுமை உருண்டை), கம்பு ரொட்டி, கடலைமாவு கட்டா, கேர் சாங்ரி ஆகியவை பரிமாறப்படும். காய்கறி அரிது என்பதால் கடலைமாவு காயின் இடத்தைப் பிடித்தது. தண்ணீர் அரிது என்பதால் மோரில் குழம்பு செய்தார்கள். கேர் என்பது முட்புதர் ஒன்றின் காய். சாங்ரி என்பது கேஜ்ரி மரத்தின் நெற்று. இரண்டையும் உலர்த்தி மாதக்கணக்கில் வைத்திருக்கலாம்.

இந்தக் கேஜ்ரி வேறொன்றுமில்லை, நம் வன்னி மரம்தான்! அரியலூருக்கு வடக்கே உள்ள விருத்தாசலம் கோயிலின் தலமரம் இது. 1730-இல் ஜோத்பூர் அரசின் ஆட்கள் கேஜ்ரி மரங்களை வெட்ட வந்தபோது, அம்ருதா தேவி என்ற பெண்ணின் தலைமையில் பிஷ்னோய் மக்கள் மரங்களைக் கட்டிப்பிடித்து உயிர்விட்டனர். அப்படி இறந்தவர்கள் 363 பேர் என்று அந்த மக்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். 1899-1900 பெரும் பஞ்சத்தில் இந்த மரத்தின் பட்டையைக்கூட இடித்துத் தின்று மக்கள் உயிர் பிழைத்தனர். அந்தப் பஞ்ச காலத்து உணவு இன்று விருந்தில் சிறப்புப் பதார்த்தம்.

குறைந்து வரும் ஒட்டகம்

எல்லாம் இப்படி மாறி நிலைத்துவிட்டன என்று மகிழ முடியாது. இந்தியாவில் 1992-இல் சுமார் 10 லட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2012 கணக்கெடுப்பில் 4 லட்சம். 2019-இல் 2.5 லட்சம். அவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் ராஜஸ்தானில் உள்ளன.

காரணங்கள் பல. டிராக்டரும் ஜீப்பும் ஒட்டகத்தின் வேலையை எடுத்துக்கொண்டன. இந்திரா காந்தி கால்வாய் வந்தபின் மேய்ச்சல் நிலங்கள் பல வயல்களாயின. ஒட்டக வளர்ப்பையே குலத்தொழிலாகக் கொண்ட ராய்க்கா சமூகத்தின் இளைஞர்கள் நகரங்களுக்கு வேலை தேடிப் போகிறார்கள். 2014-இல் ராஜஸ்தான் அரசு ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது. 2015-இல் அதைக் கொல்வதையும், அனுமதியின்றி வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோவதையும் தடுக்கும் சட்டம் வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் சந்தையில் வாங்க ஆள் குறைந்து ஆண் ஒட்டகங்களின் விலை சரிந்துவிட்டது என்று வளர்ப்போர் குறைகூறினர். விற்க முடியாத விலங்கை யார் வளர்ப்பார்கள்?

இதனால்தான் சம் மணல்மேட்டின் அரை மணி நேரச் சவாரி வெறும் பொழுதுபோக்கு அல்ல. பாலுக்கான சந்தை இன்னும் சிறியதாக இருக்கும் நிலையில், ஓர் ஒட்டகத்தை வைத்துக் காப்பாற்ற ஒரு குடும்பத்துக்கு மிஞ்சியிருக்கும் சில வழிகளில் அதுவும் ஒன்று. அதே சமயம் ஆண்டுக்கு ஆறு மாதம் மட்டும் நடக்கும் சவாரியால் ஓர் இனத்தையே காப்பாற்றிவிட முடியாது என்பதும் உண்மை.

இரண்டு தலைநகரங்கள்

கங்கைகொண்ட சோழபுரம் சுமார் 250 ஆண்டுகள் சோழரின் தலைநகரமாக இருந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழர் ஆட்சி முடிந்தது. ஊர் இருந்ததற்கான காரணமும் அதோடு முடிந்தது. அரண்மனை இருந்த இடம் மாளிகைமேடு என்ற பெயரோடு மண்மேடாகிப் போனது. அகழாய்வில் அங்கே சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. அந்தத் தலைநகரமும் தொலைதூர வணிகத்தால் வாழ்ந்தது என்பதற்கு அவையே சாட்சி. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கோயிலின் மதில் கற்களையும் பெயர்த்துச் சென்றார்கள். வழிபாடு நின்றுவிடாததால் கோயில் நின்றது. 2004-இல் அது யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது.

ஜெய்சல்மேரில் நடந்தது வேறு. வணிகம் போன பிறகும் மக்கள் கோட்டைக்குள்ளேயே குடியிருந்தார்கள். ஒட்டகம் வளர்த்தவர் வளர்த்துக்கொண்டிருந்தார், பாடியவர் பாடிக்கொண்டிருந்தார், சாங்ரி உலர்த்தியவர் உலர்த்திக்கொண்டிருந்தார். அதனால்தான் சுற்றுலாக்காரர்கள் வந்தபோது காட்டுவதற்கு அவர்களிடம் ஒரு மாலைப் பொழுது மிஞ்சியிருந்தது.

கல்லால் கட்டியது காவலாள் இல்லாமலும் சில நூற்றாண்டுகள் நிற்கும். பாட்டுக்கும் சமையலுக்கும் ஒட்டகத்துக்கும் அந்த வசதி கிடையாது. ஒரு தலைமுறை கைவிட்டாலே அவை போய்விடும். பாலைவனச் சவாரிக்குப் போகிறவர்கள் ஒட்டகத்தின் மேல் அமர்ந்து படம் எடுத்துக்கொள்ளட்டும். கீழே அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவரிடம் அந்த ஒட்டகத்தின் பெயரையும் கேட்கலாம். ஒரு பழைய வணிகப் பாதையில் இன்னும் நடந்துகொண்டிருப்பவர் அவர்தான்.