ஒரே வளவில் ஊர்க்கோழியும் பண்ணைக்கோழியும்: கலந்து வளர்ப்போர் அறிய வேண்டியவை

2010ஆம் ஆண்டு, மெனிக்பாம் முகாமிலிருந்து கிளிநொச்சிக்குத் திரும்பி ஆறு மாதங்கள் ஆகியிருந்தன. தகரக் கொட்டிலில் இருந்த எங்களுக்கு வாழ்வாதார உதவியாகப் பத்து முட்டைக்கோழிக் குஞ்சுகள் கிடைத்தன. அம்மாவிடம் ஏற்கனவே மூன்று ஊர்க்கோழிகள் இருந்தன. கூடு ஒன்றுதான். அன்று மாலையே பதின்மூன்றையும் ஒன்றாக அடைத்தோம். மூன்று வாரங்களில் புதியவற்றில் ஆறு செத்துப்போயின. சில இரத்தமாகக் கழிந்தன. சில கொத்துப்பட்டுப் புண்ணாகிக் கிடந்தன. "என்ர கைராசி அப்பிடி, பிள்ளை" என்று அம்மா சொன்னார்.

கைராசி அல்ல. கோழிகளைத் தந்தவர்கள் அவற்றை எப்படிச் சேர்ப்பது என்று சொல்லித் தரவில்லை. செய்தி சேகரிக்க வன்னிக் கிராமங்களுக்குப் போகும்போதெல்லாம் இதே கதையை வேறு தாய்மாரிடமும் கேட்கிறேன். வெவ்வேறு இனக் கோழிகளை ஒரே வளவில் வளர்க்க முடியும். அதற்குச் சில ஒழுங்குகள் வேண்டும்.

எந்தக் கோழி எதற்கு?

ஊர்க்கோழி ஒரு ஈட்டுக்குப் பத்து முதல் பதினைந்து முட்டைகள் இட்டு அடைக்கு இருக்கும். ஆண்டுக்கு மூன்று, நான்கு ஈடுகள்தான். ஆனால் தானே மேயும், மரத்தில் ஏறித் தங்கும், குஞ்சுகளைக் காக்கும். முட்டைக்கும் இறைச்சிக்கும் நல்ல விலை உண்டு.

பண்ணை முட்டைக்கோழி நல்ல தீனி கிடைத்தால் ஆண்டுக்கு முந்நூறு முட்டைகள் வரை இடும். 18 முதல் 20 வாரங்களில் இடத் தொடங்கும். ஆனால் பெரும்பாலும் அடைக்கு இருக்காது. தவிட்டையும் மிச்சச் சோற்றையும் மட்டும் போட்டால் மெலிந்து முட்டையை நிறுத்திவிடும். அதன் குஞ்சுகளும் தாயைப் போல இடும் என்று நம்பக் கூடாது, அது கலப்பினம்.

இறைச்சிக்காக வளர்க்கும் புரொய்லரை இவற்றோடு சேர்க்கவே வேண்டாம். ஆறு வாரத்தில் விற்பதற்கென்றே உருவாக்கப்பட்டது அது. உடல் பாரத்தைக் கால் தாங்காது, வன்னி வெயிலையும் தாங்காது.

முதல் மாதம் தனியே

புதிய கோழிகளைக் குறைந்தது மூன்று, நான்கு வாரங்கள் தனியே வையுங்கள். பழைய கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகே புதியவற்றிடம் போங்கள். தண்ணீர்ப் பாத்திரமும் வேறாக இருக்கட்டும். பார்வைக்குச் சுகமாயிருக்கும் கோழியும் நோயைக் காவி வரலாம்.

எங்கள் குஞ்சுகளைக் கொன்றது இரத்தக்கழிச்சல் என்றே இப்போது நினைக்கிறேன். பழைய நிலத்தில் இந்த நோய்க் கிருமி இருக்கும். அங்கேயே வளர்ந்த கோழிகளுக்கு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும். புதிய குஞ்சுகளுக்கு இருக்காது. ஈரமான தரை அதைப் பெருக்கும். உமியோ மரத்தூளோ பரப்பி, நனைந்ததை உடனே அள்ளிவிட வேண்டும்.

கொத்து வரிசை

கோழிகளுக்குள் யார் முதலில் தின்பது, யார் விலகுவது என்று ஒரு வரிசை உண்டு. நோர்வே நாட்டு ஆய்வாளர் ஷெல்டெரப்-எப்பே 1921இல் இதை விளக்கி எழுதினார். புதிய கோழி வந்தால் இந்த வரிசை குலைந்து சண்டை வரும். அதைக் குறைக்கச் சில வழிகள்:

- தனிமைக் காலம் முடிந்தபின், கம்பி வலைக்கு இரு புறமும் ஒரு வாரம் விட்டு ஒன்றையொன்று பார்க்க விடுங்கள்.
- ஒற்றைக் கோழியைச் சேர்க்காமல், இரண்டு மூன்றாகச் சேருங்கள்.
- சிறு குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு விடாதீர்கள். உடலளவு நெருங்கும்வரை காத்திருங்கள்.
- இரவில், கோழிகள் அடைந்தபின் கூட்டில் விடுங்கள்.
- தீனியையும் தண்ணீரையும் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள்.
- இரத்தம் வந்த கோழியை உடனே பிரியுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை விடாமல் கொத்தும்.

எட்டு முதல் பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும். பெரிய இனச் சேவல் சிறிய ஊர்ப்பேட்டின் முதுகைக் கிழித்துவிடும். முட்டை மட்டும் போதுமென்றால் சேவலே தேவையில்லை.

தீனி

முட்டைக்கோழித் தீனியில் சுண்ணாம்புச் சத்து அதிகம். குஞ்சுகள் அதைத் தொடர்ந்து தின்றால் சிறுநீரகம் பழுதாகும். வளவில் எல்லா வயதுக் கோழிகளும் இருந்தால், பொதுவாக வளர்கோழித் தீனியைப் போட்டு, நொறுக்கிய சிப்பி ஓட்டைத் தனிச் சட்டியில் வையுங்கள். இடும் கோழி தனக்கு வேண்டியதைத் தின்னும். குஞ்சுத் தீனியைக் கரப்புக்குள், குஞ்சுகள் மட்டும் நுழையும் இடைவெளி விட்டு வைக்கலாம்.

2022 நெருக்கடியில் தீனி விலை ஏறியபோது பலர் முட்டைக்கோழிகளை விற்றுத் தீர்த்தார்கள். மேய்ந்து பிழைத்த ஊர்க்கோழிகளே மிஞ்சின. கலந்து வளர்ப்பதன் பயன் இதுதான். ஒன்று நாளாந்த முட்டை தரும், மற்றது கெட்ட காலத்தில் கைகொடுக்கும். பண்ணைக்கோழி முட்டைகளைச் சேவலோடு விட்டு எடுத்து, அடைக்கு இருக்கும் ஊர்க்கோழியின் கீழ் வைத்தால் 21 நாளில் குஞ்சு பொரிக்கும்.

தடுப்பூசி

பச்சையாகக் கழிந்து, கழுத்துத் திருகி, கூட்டம் கூட்டமாகச் சாவது ராணிக்கெட் நோயின் அடையாளம். வந்தபின் மருந்தில்லை. கண்ணில் விடும் தடுப்பு மருந்தைக் குறித்த காலத்தில் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு மருந்து இருக்கும், கரைத்தபின் சில மணிநேரமே பயன்படும், குளிரில் கொண்டுவர வேண்டும். ஆகவே அயலில் உள்ளவர்கள் சேர்ந்து, ஒரே நாளில் எல்லாக் கோழிகளுக்கும் போடுவதே சரி. பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள்.

வான்கோழி வளர்ப்பவர்கள் அதைக் கோழிகளோடு விட வேண்டாம். கோழியின் குடற்புழு வழியாகப் பரவும் கருந்தலை நோய் கோழியைப் பெரிதாகப் பாதிக்காது, வான்கோழியைக் கொன்றுவிடும்.

வாங்கும் முன் கேளுங்கள்

இன்றும் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்குக் கோழிகள் வழங்கப்படுகின்றன. கையெழுத்து வைக்கும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: இது என்ன இனம்? வயது என்ன? எந்தத் தடுப்பூசிகள் போடப்பட்டன? முட்டை இடும்வரை தீனிக்கு என்ன வழி? பதில் இல்லையென்றால், முட்டையை நம்பி நுண்கடன் எடுக்காதீர்கள். இழந்தது போதும், கோழி செத்த கடனையும் நாம் சுமக்க வேண்டியதில்லை.

அம்மாவிடம் இப்போது இரண்டு கூடுகள் இருக்கின்றன. இரண்டாவது, புதிதாக வருபவற்றுக்கு.