அயலார் ஆலையில் ஆப்பிரிக்க ஆடை

மேற்கு ஆப்பிரிக்க மகளிரின் மரபுடை என உலகம் போற்றும் வண்ண மெழுகுத் துணி, ஆப்பிரிக்க மண்ணில் தோன்றியதன்று. அதன் மூலம் நமக்கு அண்மையிலுள்ள ஜாவா. அங்குக் கைவினைஞர் உருகிய மெழுகால் கோலமிட்டுச் சாயந்தோய்த்த பாத்தேக்கை இயந்திரத்தில் அச்சிட்டு, ஜாவா மக்களுக்கே மலிவாக விற்கலாம் என டச்சு வணிகர் கருதினர். அவ்வகையில் நெதர்லாந்தின் ஹெல்மொண்ட் நகரில் 1846-இல் எழுந்த ஆலையே பின்னாளில் விலிஸ்கோ எனப் பெயர்பெற்றது.

இயந்திரம் துணியின் இருபுறமும் பிசினைப் பதித்தது. பிசின் ஆங்காங்கே வெடிக்க, வெடிப்பின் வழியே சாயம் கசிந்து நரம்பு போன்ற கோடுகள் விழுந்தன. ஜாவா மக்கள் அதனைப் பழுதென ஒதுக்கினர் என்பர். ஆயின், 1890-களில் ஸ்காட்லாந்து வணிகர் எபனேசர் பிரவுன் ஃபிளெமிங் இவ்வகைத் துணியை இன்றைய கானாவாகிய கோல்டு கோஸ்ட்டில் விற்றபோது, அங்குள்ளோர் அப்பழுதினையே அழகெனக் கொண்டனர்.

ஆலை தந்தது துணியை மட்டுமே. அதற்குப் பொருள் தந்தோர் சந்தைப் பெண்டிர். ஒரு கோலத்திற்கு ‘ஆறு பிளக்’ என்று பெயர். ஆறு சிலிண்டர் மோட்டார் வண்டியின் வலிமையை அது குறிக்கும். மற்றொன்று ‘என் கணவர் வல்லவர்’. உடுத்தியவள் வாய் திறவாமலே ஊருக்குச் செய்தி சொல்லிவிடுவாள்! டோகோ நாட்டு லோமே நகரில், குறிப்பிட்ட கோலங்களை விற்கும் தனியுரிமை பெற்ற பெண் வணிகர் பெருஞ்செல்வம் ஈட்டினர். அவர்கள் ஓட்டிய பென்ஸ் வண்டிகளால் ‘நானா பென்ஸ்’ என்றே அழைக்கப்பட்டனர்.

1994 ஜனவரியில் அந்நாடுகளின் சி.எஃப்.ஏ. பிராங்கின் மதிப்பு பாதியாகக் குறைக்கப்பட்டது. டச்சுத் துணியின் விலை அவர்கட்கு இருமடங்காயிற்று. பின்னர்ச் சீனத்து மலிவு நகல்களும் சந்தையை நிறைத்தன.

2010-இல் விலிஸ்கோவை ஆக்டிஸ் என்னும் பிரிட்டிஷ் முதலீட்டு நிறுவனம் வாங்கியது. அந்நிறுவனத்தின் கால்வழி கருதத்தக்கது: குடியேற்ற நாடுகளின் வளர்ச்சிக்கென பிரிட்டிஷ் அரசு 1948-இல் தோற்றுவித்த கழகத்திலிருந்து 2004-இல் பிரிந்ததே அது. ஆப்பிரிக்க மரபு அயலார் கைக்குப் போயிற்று என வருந்துவோர், அது முன்னர் யார் கையில் இருந்தது என்று எண்ணிப்பார்த்தல் வேண்டும். ஒரு ஐரோப்பியர் விற்க, இன்னொருவர் வாங்கினார், அவ்வளவே. உண்மையான இழப்பு லோமே சந்தையிலே நேர்ந்தது. கோலங்களுக்குப் பெயரிட்டு விலை ஏற்றிய பெண்டிரிடம் இருந்தது விற்பனை உரிமை மட்டுமே. ஆலையே ஆப்பிரிக்க நகரங்களில் சொந்தக் கடைகளைத் திறந்தபோது அதன் மதிப்பும் தேய்ந்தது. அவர்கள் சூட்டிய பெயர்களைச் சொல்லித்தான் துணி இன்றும் கேட்கப்படுகிறது.