கறிக்கோழிக் குஞ்சின் தூவி நிறம்

பொரித்த அன்று கோழிக்குஞ்சின் உடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தூவியின் நிறம் பல மரபணுக்களின் கூட்டுவேலை. பொரிப்பகத்திலிருந்து பெட்டி பெட்டியாகப் புறப்படும் பிராய்லர் குஞ்சுகள் ஒன்றுபோல் மஞ்சளாக இருக்கின்றன. இது வளர்ப்பாளர்கள் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்த நிறம். வீட்டுக்கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியின் குஞ்சுக்கு முதுகில் பழுப்புக் கோடுகள் உண்டு. (திருவிழாக் கூடைகளில் பச்சையும் ரோஸுமாக விற்கும் குஞ்சுகள் இந்தக் கட்டுரைக்குள் வாரா, அது வெறும் சாயம்.)

மெண்டலின் விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்று 1902இல் வில்லியம் பேட்சன் காட்டியது கோழிகளை வைத்துத்தான். சில நிறங்கள் பால் சார்ந்து இறங்குவது அடுத்த சில ஆண்டுகளில் தெரியவந்தது. சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள். பெட்டைக்கு ஒன்றுதான், அதையும் ஆண் குஞ்சுகளுக்கு மட்டுமே அது கொடுக்கும். வெள்ளி நிற மரபணு அந்தக் குரோமோசோமில் இருப்பதால், பொன்னிறச் சேவலோடு வெள்ளிப் பெட்டையைச் சேர்த்தால் ஆண் குஞ்சுகள் வெளிர்நிறமாகவும் பெண் குஞ்சுகள் செம்பொன்னாகவும் பிறக்கும். முதல் உலகப்போர்க் காலத்தில் தீவனத்தை மிச்சப்படுத்த இந்த வழியைப் பரிந்துரைத்தவர் கேம்பிரிட்ஜின் ரெஜினால்ட் பன்னெட். மைக்கேல் பீஸுடன் சேர்ந்து, தூவியைப் பார்த்தே பால் சொல்லக்கூடிய கேம்பார் இனத்தையும் பின்னர் உருவாக்கினார். முட்டைக்கோழித் தொழிலுக்கு இது பெரிய வரம். ஆணும் பெண்ணும் கறிக்கே போகும் பண்ணைகளுக்கு அவ்வளவு அவசரம் இருக்கவில்லை.

கறிக்கோழியில் நிறத்தைத் தீர்மானித்தது உரித்த கோழியின் தோல். கருநிற இறகு முளைவிடும் பருவத்தில் அறுத்தால் அதன் அடிக்கட்டைகள் தோலுக்குள் கரும்புள்ளிகளாக நின்றுவிடும். வாங்குபவர் முகம் சுளிப்பார். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் அப்போது வரியிட்ட பிளிமத் ராக் சேவலையும் நியூ ஹாம்ப்ஷயர் பெட்டையையும் சேர்த்துத்தான் கறிக்குஞ்சு எடுத்தார்கள். அவற்றுள் எப்போதாவது ஏறக்குறைய வெள்ளையாய்ப் பிறந்தவற்றைப் பொறுக்கி, 1940இல் ஜார்ஜ் எல்லிஸ் டெலவேர் இனத்தை உருவாக்கினார். அந்த இனத்தின் புகழ் நீடிக்கவில்லை. ஏ அண்ட் பி அங்காடி நிறுவனத்தின் ஆதரவில் நடந்த ‘நாளைய கோழி’ போட்டியின் 1948ஆம் ஆண்டு இறுதிச் சுற்றில் சார்லஸ் வான்ட்ரெஸ்ஸின் செந்நிறக் கலப்பினம் வென்றது. கலப்பில்லா இனங்களுள் ஆர்பர் ஏக்கர்ஸின் வெள்ளை ராக் முன்னின்றது. பரிசு சிவப்புக்குப் போனது, சந்தை வெள்ளையிடம் போனது. கார்னிஷ் இனச் சேவல் வரிசைகளிலும் பின்னர் ஓங்கு வெள்ளை மரபணு ஏற்றப்பட்டது.

இந்த வெள்ளை ஒற்றைப் பொருள் அல்ல. ஓங்கு வெள்ளை கருப்பு நிறமியைத் தடுக்கும், சிவப்பை அவ்வளவாகத் தொடாது. ஒரு பிரதி மட்டும் இருந்தால் மஞ்சள் தூவியில் கரும்புள்ளிகள் தலைகாட்டும். ஓங்கு வெள்ளைக்குப் பொறுப்பான பிமெல் 17 மரபணு 2004இல் அடையாளம் காணப்பட்டது. ஒடுங்கு வெள்ளை வேறு வகை: டைரோசினேஸ் மரபணுவுக்குள் ஒரு ரெட்ரோவைரஸ் துண்டு புகுந்ததால் நிறமியாக்கமே முடங்குகிறது. இது வெளிப்பட இரு பெற்றோரிடமிருந்தும் வர வேண்டும். இப்படிப்பட்ட குஞ்சுகள் சில புகைபடிந்த சாம்பல் சாயலோடு பிறந்து, வளர்ந்தபின் தூய வெள்ளையாகும்.

எல்லாக் குஞ்சும் மஞ்சளானபின் நிறத்தால் பால் பிரிக்கும் வழி அடைபட்டது. ஆணையும் பெண்ணையும் தனித்தனியே வளர்க்க விரும்பிய பண்ணைகளுக்கு அதே இசட் குரோமோசோமிலுள்ள மெது இறகு மரபணு கைகொடுத்தது. வேகமாக இறகு முளைக்கும் சேவலையும் மெதுவாக முளைக்கும் பெட்டையையும் சேர்த்தால், பெண் குஞ்சின் முதன்மை இறகுகள் அவற்றை மூடும் சிற்றிறகுகளைவிட நீண்டிருக்கும். ஆண் குஞ்சுக்கு அப்படி இராது. சிறகை விரித்துப் பார்த்தே பிரித்துவிடலாம்.

நிறம் முழுவதும் ஓய்ந்துவிடவில்லை. பிரான்ஸின் லேபில் ரூஜ் முத்திரைக் கோழிகள் மெதுவாக வளரும் இனங்கள். அவற்றுள் பல செந்நிறமானவை. இந்தியாவில் கோழியை உயிரோடு பார்த்து வாங்கும் வழக்கம் இருப்பதால் வண்ண இறகுக்குத் தனி மதிப்பு உண்டு. ஐதராபாத்தின் கோழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வனராஜா, கிருஷிப்ரோ ஆகியவை இந்த வழியில் வந்தவை. ஓங்கு வெள்ளையை இரட்டைப் பிரதியாகச் சுமக்கும் பிராய்லர் சேவலைக் கரிய நாட்டுப் பெட்டையோடு சேர்த்தால், முதல் தலைமுறைக் குஞ்சுகள் வெளிர்நிறமாய், சில புள்ளிகளோடு பிறக்கும். அவற்றைத் தமக்குள் சேர்த்தால், நான்கில் ஒன்று என்ற கணக்கில் ஓங்கு வெள்ளை இல்லாத குஞ்சுகள் வரும். அவற்றில்தான் அடங்கியிருந்த கருநிறம் தடையின்றி வெளிப்படும்.