தன்னை எண்ண மறந்தவர்கள்

இங்கிலீஷ் இலக்கணம் என்றதும் நம் பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்குகிறது. மூளைக் குறைவு காரணமல்ல, கற்பிக்கும் முறையில்தான் கோளாறு என்பது என் கட்சி. இதற்குச் சரித்திரமே சாட்சி சொல்லும்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியிலிருந்து பெஸ்கி என்ற பாதிரியார் தமிழ்நாட்டுக்கு வந்தார். வீரமாமுனிவர் என்று நாம் கொண்டாடுகிறவர் அவர்தான். பேச்சுத் தமிழுக்கு அவர் லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. தொன்னூல் விளக்கத்தில் எழுத்து முதல் அணி வரை ஐந்து இலக்கணத்தையும் தமிழிலேயே சொன்னார். ஆனால் விதிகளை மட்டும் விழுங்கினால் பாஷை வந்துவிடுமா? தமிழ் கற்க வந்த ஐரோப்பியர்கள் படித்துப் பழகுவதற்கென்று பரமார்த்த குருவின் கதையையும் எழுதி வைத்தார்.

1822இல் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் அதை லண்டனில் வெளியிட்டார். தமிழ்க் கதை, இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, சொற்பட்டியல், முதற் கதையைப் பிரித்து விளக்கும் பகுதி எல்லாம் அதில் உண்டு. சிரித்துக்கொண்டே இலக்கணம் படிக்க ஏற்பாடு!

அந்த முதற் கதையை யார் அறியார்? பாத்திரங்கள், குருவும் ஐந்து சீடர்களும். இடம், ஆற்றங்கரை. சிக்கல், எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஓர் ஆளை ஆறு கொண்டுபோயிற்று என்று எல்லோரும் அழுதது. தீர்வு, வழிப்போக்கன் ஒருவன் ஆளுக்கு ஓர் அடி கொடுத்து எண்ணிக் காட்டியது. இன்று பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் வகுப்பில் கதையின் உறுப்புகள் என்று சொல்லிக்கொடுப்பவை இவையேதாம்.

வேங்கிக்காலில் என் அண்டை வீட்டுச் சிறுமி ஒருத்தி, சிமிலிக்கும் மெட்டஃபருக்கும் வித்தியாசம் தெரியாமல் உருப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு வாசலில் நின்றால் அண்ணாமலை தெரியும்.

"மலை நெருப்பைப் போல் இருக்கிறது என்றால் என்னம்மா?"

"உவமை, மாமா."

"மலையே நெருப்பு என்றால்?"

"உருவகம்."

"முன்னது சிமிலி. பின்னது மெட்டஃபர்."

"இதைத்தான் தமிழ் வகுப்பிலேயே படிச்சாச்சே!" என்றாள், ஏமாந்தவள்போல.

மலையை அக்கினி லிங்கமாகவே கும்பிடும் பெரியவர்கள் கேட்டால், "உருவகமாவது! உண்மையல்லவா அது?" என்று சண்டைக்கு வருவார்கள். அது வேறு விஷயம்.

தொல்காப்பியத்தில் உவமைக்கென்றே ஓர் இயல் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டுத் தண்டியலங்காரம் பொருளணி 35 என்று கணக்குச் சொல்கிறது. இந்தச் செல்வத்தை வைத்துக்கொண்டு சிமிலிக்கு அஞ்சலாமா?

உழைப்பு வேண்டியது வேறுபடும் இடத்தில். 'ராமன் பாம்பைக் கொன்றான்' என்பதை, 'பாம்பைக் கொன்றான் ராமன்' என்று மாற்றினாலும் தமிழில் செத்தது பாம்புதான். 'ஐ' என்ற உருபு காவல் நிற்கிறது. இங்கிலீஷில் பெயர்ச்சொல்லுக்கு அந்தக் காவல் இல்லை. நிற்கும் இடமே பொருளைத் தீர்மானிக்கிறது. இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினால் பாம்பு ராமனைக் கொன்றுவிடும்!

நம் பிள்ளைகளும் அந்தச் சீடர்களைப் போலத்தான். தங்களிடம் இருப்பதை எண்ணாமல் விட்டு, ஏதோ குறைகிறதென்று கலங்குகிறார்கள். எண்ணிக் காட்ட ஒரு வழிப்போக்கன் தேவை. அவன் கையில் தடி மட்டும் வேண்டாம்.