புனிறும் ஈற்றில்லமும்: பிள்ளைப்பேற்றைப் பேசிய குரல்கள்

தொல்காப்பிய உரியியல் பொருள் கூறும் சொற்களுள் ‘புனிறு’ என்பது ஒன்று. ஈன்ற அணிமை என்பது அதன் பொருள். பிள்ளை பெற்ற உடலின் ஈரம், பால், நெய், வியர்வை ஆகியன கலந்த மணத்தையும் அச்சொல்லாலேயே சங்கப் புலவர் குறித்தனர். ஒரு சில நாள்களே நிலைக்கும் உடல்நிலைக்குத் தனிச்சொல் வைத்திருந்த மொழி, அந்நிலையைப் பேசும் உரிமையை யாருக்கு அளித்தது என்பதே இக்கட்டுரையின் வினா. தமிழில் தாய்மையைப் போற்றிய எழுத்துக்குக் குறைவில்லை. ஆயின் பேற்றுநோவையும் பேற்றுக்குப் பிந்தைய நாள்களையும் பெற்றவளே சொல்லக் கேட்கும் இடங்களைத் தேடினால் கிடைப்பவை மிகச் சிலவே. இச்சிலமையைப் பண்பாட்டின் நாணம் என்று கூறிக் கடந்துவிடுவது எளிது. அவ்விடை போதாது என்பதே கட்டுரையாளர் கருத்து.

பேற்றறையின் மிகத் தெளிவான காட்சிகள் நற்றிணையில் உள்ளன. 40ஆம் பாடலில் காவலமைந்த மனையில் மணி ஒலிக்கிறது. மணல் பரப்பிய பந்தரில் பாணர் காவலிருக்கின்றனர். ஒருபுறம் மகளிர் விரிச்சி கேட்டு நிற்கின்றனர். மணமூட்டிய துணி விரித்த மெல்லணையில் புனிறு நாறும் செவிலியோடு மகன் துயில்கிறான். வெண்சிறுகடுகாகிய ஐயவி அணிந்து, நெய்யாடி, ஈரம் உலராத உடலோடு ஈன்றவள் கண்மூடிக் கிடக்கிறாள். பரத்தையரிடம் இருந்த தலைவன் நள்ளிரவில் கள்வனைப்போல் அங்கு வருகிறான். தந்தையின் பெயர் தாங்க மகன் பிறந்துவிட்டான் என்பதே அவன் வருகைக்குக் காரணம். நெய்யாட்டு, ஐயவிக் காப்பு, செவிலியின் துணை, பெயர் சூட்டும் மரபு என்று பேறுகால வழக்கங்கள் பலவற்றை ஒரே பாடல் திரட்டித் தருகிறது. இதனைக் கூறுபவள் பரத்தை என்கிறது பாடலின் துறைக்குறிப்பு.

உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார் பாடிய 370ஆம் பாடலில் பேசுபவன் தந்தை. ஊடிய மனைவியின் வாயில் திறவாமையால் அவன் பாணனிடம் பழைய நாளொன்றை நினைவுகூர்கிறான். மகனைப் பெற்று, நெய்யும் ஐயவியும் விளங்கக் கிடந்தவளை அவன் அணுகினான். மகனைப் பெற்றதால் பெயர் மாறி முதுபெண்டு ஆகிவிட்டாய், அதனால்தான் உறங்குகிறாயோ என்று நகையாடி, அவள் வயிற்றைக் குவளை மலரால் ஒற்றினான். அவள் அரும்பு போன்ற முறுவலைக் காட்டிக் கண்களைப் புதைத்துக்கொண்டாள். பேற்றறையுள் தந்தைக்கு உண்டாகும் தயக்கமும் உவகையும் இத்துணை நுட்பமாக வேறெங்கும் தமிழில் பதிவாகவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அன்று அவள் என்ன நினைத்தாள்? முறுவலையும் புதைத்த கண்களையும் தவிர வேறொன்றும் நமக்குக் கிட்டவில்லை. அவள் இப்போது ஊடி வாயிலடைத்திருக்கிறாள் என்ற செய்தியை அதனோடு சேர்த்துப் படித்தல் வேண்டும்.

380ஆம் பாடலில் பேசுபவள் தோழி. நெய்யும் தாளிப்புப் புகையும் படிந்து ஆடை மாசேறிவிட்டது, மகனை அணைத்துப் பால் சுரந்து தோள் புனிறு நாறுகிறது, இத்தகைய எம்மிடம் உம் தலைவனுக்கு என்ன வேலை என்று அவள் பாணனை மறுக்கிறாள். பேற்றுக்குப் பிந்தைய உடலின் களைப்பும் அடுக்களைச் சுமையும் இங்கு ஒருசேர வெளிப்படுகின்றன. ஆக, மூன்று பாடல்களிலும் பேசுபவர் முறையே பரத்தை, தலைவன், தோழி. நடுவே கிடப்பவள் மட்டும் பேசவில்லை.

இது தற்செயல் அன்று. கற்பியலில் தலைவன் கூற்று நிகழும் இடங்களை வகுக்கும் தொல்காப்பியர், மகனைப் பெற்றவளின் புனிறு தீரும் பொழுதையும் நெய்யணியையும் அவற்றுள் ஒன்றாகக் கொள்கிறார். தலைவி கூற்றுக்குரிய இடங்களில் மகனைச் சார்ந்தவை உண்டு. ஈன்ற நோவைச் சார்ந்ததாக ஒன்றும் இல்லை. புறத்திணையிலும் நிலைமை இதுவே. புறநானூறு 277, 278 ஆகிய பாடல்களில் மகன் போரில் வீழ்ந்ததை அறிந்த தாயின் உவகை, அவனைப் பெற்ற நாளின் உவகையினும் பெரிதாகக் காட்டப்படுகிறது. திருக்குறளிலும் மகனைச் சான்றோன் எனக் கேட்ட தாயின் மகிழ்ச்சிக்கு ஈன்ற பொழுதே அளவுகோல். ஈன்ற பொழுது உவகைக்கு அளவாயிற்று. நோவுக்கு அது அளவாகவில்லை.

பெண்பாற் புலவர் கச்சிப்பேட்டு நன்னாகையாரின் குறுந்தொகைப் பாடல் (287) இங்குத் தனித்து நிற்கிறது. நீர் நிறைந்து மெல்ல வானேறும் முகிலுக்கு அவர் கூறும் உவமை, பன்னிரு திங்கள் சுமந்து, நடக்க இயலாது, பசும்புளியை விரும்பும் முதிர்சூல் மகளிர். பத்து மாதம் என்னும் பெருவழக்குக்கு மாறாகப் பன்னிரண்டு என்றது ஏன் என்பது தனியே ஆராய்தற்குரியது. கடைசி நாள்கள் எத்துணை நீளும் என்று அறிந்தவரின் கணக்கோ என்று ஓர் ஐயமும் எழுகிறது. அதனை நிறுவுதற்குச் சான்றில்லை.

அதே தொகையின் 85ஆம் பாடலில் சூல் முதிர்ந்த பேடைக்கு ‘ஈனில்’ அமைப்பதற்காக ஊர்க்குருவிச் சேவல் கரும்பின் பூவைக் கோதுகிறது. ஈனுதற்குரிய இல் ஈனில். கேரளத்தில் தமிழ் பயிற்றும் எவரும் இச்சொல்லைக் கடக்கும்போது சற்று நிற்பர். வகுப்பில் இப்பாடலை நடத்தியபோது மாணவர் ஒருவர் ‘ஈற்றில்லம்’ என்று உடனே கூறினார். மலையாளத்தில் பேறு நிகழும் அறை ஈற்றில்லம், பேற்றுநோவு ஈற்றுநோவு. கதகளியின் ஈற்றில்லம், வள்ளப்பாட்டின் ஈற்றில்லம் என்று பிறப்பிடப் பொருளிலும் இன்றைய செய்தித்தாள்கள் அச்சொல்லை வழங்குகின்றன. தமிழிலோ ஈனுதல் பேச்சுவழக்கில் பெரும்பாலும் ஆடுமாடுகளுக்கு உரியதாயிற்று. தலையீற்றுப் பசு என்கிறோம். பெண்ணுக்குப் பெறுதலும் பிரசவமும் ஆயின. புனிறு அகராதிக்குள் ஒடுங்கிவிட்டது.

பத்தி இலக்கியத்தில் பேற்றின் துன்பம் முதன்முறையாக விரிவாகப் பேசப்படுகிறது. ஆனால் பேசுபவர் கருவில் இருந்தவர். திருவாசகத்தின் போற்றித் திருவகவலில் மாணிக்கவாசகர் கருப்பையில் மாதந்தோறும் நேரும் இடர்களை எண்ணி, ஒவ்வொன்றிலிருந்தும் தப்பியதை அடுக்குகிறார். பத்தாம் மாதத்தில் மட்டும் தாயும் உடன் வருகிறாள். தாயோடு தானும் படும் துயரக்கடல் என்று அவ்விடத்தை அவர் அமைக்கிறார். அந்த ஓர் ‘ஓடு’ உருபுக்குள் அவளது நோவு அடங்கிவிடுகிறது. பட்டினத்தார் தம் அன்னையின் ஈமக்கடனின்போது பாடியனவாக வழங்கும் பாடல்கள் ஐயிரு திங்கள் சுமந்த உடல்நோவை நேரடியாகக் கூறுகின்றன. சங்கரர் பெயரால் வழங்கும் மாத்ரு பஞ்சகம் என்னும் வடமொழிச் சிறுநூலும், தாயின் இறுதி நாளில், பேற்று வேளையின் பொறுக்கலாகா வலியை நினைவுகூர்கிறது. இருவரும் துறவியர், இருவரும் மகன்கள், இரண்டிடத்தும் தாய் இறந்துபட்டாள். நோவு ஏட்டில் ஏறுவதற்குப் பெற்றவள் இறக்கவும் பிள்ளை துறக்கவும் வேண்டியிருந்தது.

தாய்க்கே குரல் தந்த இடங்களும் உண்டு. சீவக சிந்தாமணியில் மயிற்பொறியில் தப்பிய விசயை, இரவில் சுடுகாட்டில் சீவகனைப் பெறுகிறாள். தமிழ்க் காப்பியங்களுள் இதனினும் கொடிய பேற்றுக்களம் இல்லை. அங்கு அவள் நெடிது புலம்புகிறாள். ஆனால் அரண்மனையில் பிறந்திருந்தால் மகன் பெற்றிருக்கும் சிறப்புகளைப் பற்றியதே அப்புலம்பல். குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழி ஏழாம் பதிகம் இன்னும் நுட்பமானது. பெற்றும் பாலூட்டப் பெறாத தேவகியின் புலம்பல் அது. தாலாட்டாமலும் தளர்நடை காணாமலும் கழிந்த நாள்களை அவள் ஒவ்வொன்றாக எண்ணுகிறாள். பேற்றுக்குப் பிந்தைய நாள்களை இழந்த பெண்ணின் உள்ளத்தைச் சேர நாட்டு மன்னர் ஒருவர் பாடியிருப்பது வியப்புக்குரியது.

எழுத்தில் இல்லாதது கல்லில் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் இரு கற்களின்மேல் ஒரு கல்லைக் கிடத்திய சுமைதாங்கிகள் இன்றும் சிற்சில இடங்களில் எஞ்சியுள்ளன. வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் அதனை நடுவர். தலைச்சுமையோடு வருவோர் அதன்மேல் சுமையை இறக்கி இளைப்பாறுவர். இறக்க இயலாது போனவளின் சுமை அதனால் இறங்கும் என்பது நம்பிக்கை. போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல்லில் பெயரும் பீடும் பொறித்தனர். கட்டுரையாளர் நேரில் கண்ட சுமைதாங்கிகளில் எழுத்தே இல்லை. நடுகல் ஆய்வுக்குத் தமிழில் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்கேனும் இக்கற்களுக்குக் கிடைத்திருக்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேற்றறை மருத்துவமனைக்கு நகரத் தொடங்கியது. 1844இல் சென்னையில் தோன்றிய பேறுகால மருத்துவமனை பின்னர் எழும்பூரில் நிலைகொண்டது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்கு வாயில் திறந்தது. ஆயினும் மாற்றம் மெல்லவே நிகழ்ந்தது. 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் நிகழ்ந்ததாக ஐடா ஸ்கடர் கூறிய நிகழ்ச்சி நன்கறியப்பட்டது. ஒரே இரவில் அந்தணர் ஒருவரும் இசுலாமியர் ஒருவரும் வேறோர் இந்துவும், பேற்றில் துன்புறும் தத்தம் மனைவியரைக் காக்க அவரை அழைத்தனர். மருத்துவரான அவர் தந்தை ஆண் என்பதால் மூவரும் அவரை ஏற்கவில்லை. ஐடா அப்போது மருத்துவம் படித்தவர் அல்லர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர் வேலூரில் மருத்துவமனை அமைத்ததன் முன்கதை இது. வழக்கமாக இதனை அவரது வாழ்க்கைத் திருப்பமாகவே படிக்கிறோம். மூன்று தந்தையரின் கதையாகவும் படிக்கலாம். நள்ளிரவில் அயலார் வீட்டு வாயிலில் நின்ற அவர்கள் அஞ்சாதவர்களும் அல்லர், அன்பற்றவர்களும் அல்லர். மரபு வகுத்த எல்லையைக் கடக்க அவர்களால் இயலவில்லை. அவர்கள் கூறிய சொற்கள் நமக்குக் கிடைத்துள்ளன. இறந்த பெண்களின் பெயர்கள் கிடைக்கவில்லை.

இதே காலத்து ஆங்கிலப் பதிவுகள் ஊர் மருத்துவச்சியரை அறியாமையின் உருவாகத் தீட்டின. அவர்களது கைமுறைகளில் தீங்கானவை இருந்தன என்பதை மறுக்க இயலாது. ஆனால் மருத்துவச்சி பேறு பார்த்ததோடு நின்றவள் அல்லள். வயிற்றைத் துணியால் இறுகக் கட்டுதல், சுக்கும் பூண்டும் மிளகும் சேர்ந்த காயமருந்து, பத்தியம், எண்ணெய்க் குளியல் எனத் தீட்டுக் கழியும்வரை உடனிருந்தவள் அவளே. அந்நாள்களில்தான் பெண்கள் தம் பேறுகளைத் தமக்குள் பேசிக்கொண்டனர். பெற்றவளின் குரல் இல்லாமற் போகவில்லை. பாணனும் புலவனும் நுழையாத அறையில் அது ஒலித்தது. நற்றிணை 40இல் விரிச்சி கேட்டு நின்ற மகளிர் பிறகு உள்ளே சென்று என்ன பேசினர் என்பதைப் பாட அப்பரத்தைக்கு வழியில்லை.

அச்சுக்கு அக்குரல் வரப் பெண்ணெழுத்தின் அண்மைக்காலம்வரை காத்திருக்க நேர்ந்தது. 2000களின் தொடக்கத்தில் நூலாக வந்த சல்மாவின் கவிதைகளுள் ஒன்றில், பேற்றின் கோடுகள் பதிந்த வயிற்றைக் கணவன் காணும் பார்வையை மனைவி அளந்துரைக்கிறாள். அப்பார்வையில் இருப்பது விருப்பம் அன்று, அருவருப்பு. குவளை ஒற்றிய கையையும் இப்பார்வையையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, காலம் மாறியதைக் காட்டிலும் சொல்பவர் மாறியதே பெரிதாகத் தோன்றுகிறது.

கட்டுரையாளரின் பாட்டியார் ஐந்து மக்களைப் பெற்றவர். ஆய்வு மாணவியாக ஒலிப்பதிவுக் கருவியோடு அணுகியபோது அவர் தாலாட்டும் ஒப்பாரியும் பாடினார். பேற்றைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. “அதை எல்லாம் யாராவது எழுதுவாங்களா” என்று எழுந்துவிட்டார். பின்னர்க் கட்டுரையாளர் மகளைப் பெற்றுக் கிடந்த பதினோராம் நாள், முதுகில் எண்ணெய் தேய்த்தபடி அவரே தொடங்கினார். தலைப்பிள்ளை மூச்சின்றிப் பிறந்ததும், பால் கட்டி மூன்று நாள் காய்ச்சலில் கிடந்ததும், தாத்தா திண்ணையில் உண்ணாமல் அமர்ந்திருந்ததும், தம் அக்காள் பிள்ளையோடு போனதும் அன்றுதான் தெரிந்தன. அக்காளுக்கு நட்ட கல் ஊர் எல்லையில் புளியமரத்தடியில் இருந்ததாம். சாலையை அகலப்படுத்தியபோது மரத்தை வெட்டினர். கல் இப்போது ஒரு தேநீர்க் கடையின் வாயிலில் கிடக்கிறது. பேருந்துக்குக் காத்திருப்போர் அதன்மேல் அமர்கின்றனர். அவர் பெயரைப் பாட்டியார் அன்று கூறினார். கை முழுதும் எண்ணெய். கருவி அருகில் இல்லை.