சீக்ரெட் சாண்டா: பரிசைக் குறைந்த செலவில் அழகாகச் சுற்றுவது எப்படி?

டிசம்பர் வந்தாலே ஆபீஸில் சீக்ரெட் சாண்டாதான். பட்ஜெட் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பளபள தாளுக்கும் ரிப்பனுக்கும் 60 ரூபாய் போனால், பரிசில் 20% காலி!

எவ்வளவு தாள் தேவை?

பெட்டியின் அகலத்தையும் உயரத்தையும் கூட்டி இரண்டால் பெருக்குங்கள். ஒட்டுவதற்கு 2 செ.மீ. சேருங்கள். இது தாளின் ஒரு பக்கம். பெட்டியின் நீளத்தோடு உயரத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டினால் மறுபக்கம். 20 செ.மீ. நீளம், 15 அகலம், 5 உயரம் உள்ள பெட்டிக்கு 42 × 27.5 செ.மீ. வரும். ஒரே ஒரு ஏ3 தாள் போதும்.

எந்தத் தாள்?

ஸ்கூல் நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் பேப்பரே போதும். மாத காலண்டரில் முடிந்துபோன 11 மாதத் தாள்களும் சும்மாதானே இருக்கின்றன? பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் அதை வெளியே வையுங்கள்.

அழகு எங்கே?

மடிப்பில்தான். ஓரங்களை ஸ்கேலால் அழுத்தித் தேயுங்கள். ஒட்டிய இடம் அடிப்பக்கம் இருக்கட்டும். மேலே சணல் கயிறு, ஒரு பச்சை இலை. அவ்வளவுதான்.

பிரித்த பிறகு?

தாளைக் கசக்கிப் பாருங்கள். தானாக விரிந்தால் பெரும்பாலும் பிளாஸ்டிக் கலந்தது. பழைய பேப்பரோடு போடாதீர்கள்.